மாதம் மூன்று மறுப்பு

சிந்துஜாவுக்கு ஆறு வருஷமாக ஒரு ரகசிய சந்தோஷம் இருந்தது. அக்கா அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவள் போகாமலே இருந்தாள்.

திருச்சியில் 'பொலிவு' செயலியின் கீழ் வேலை செய்த நாலாயிரம் பெண்களில் அவள் ஒருத்தி. வீட்டுக்கே போய்ப் புருவம் திருத்துவது, முகத்துக்குப் பூசுவது, கால் தேய்த்து விடுவது, தலைக்குச் சாயம் அடிப்பது எல்லாம் செய்வாள். தோளில் எட்டுக் கிலோ பை. கைப்பேசி மணியடிக்கும். பெயர், முகவரி, வேலை, நேரம் வரும். கீழே இரண்டு பொத்தான்கள்: ஏற்கிறேன், மறுக்கிறேன். பத்து விநாடிக்குள் கட்டைவிரல் முடிவு செய்ய வேண்டும்.

மாதத்தில் மூன்று தரம் திரையில் அந்தப் பெயர் வரும். வனஜா, 14, வெற்றிலைக்காரத் தெரு, உறையூர். கால் பராமரிப்பு. காலை பதினொரு மணி.

"கூப்பிடு, கூப்பிடு. நல்லாக் கூப்பிடு," என்று சிந்துஜா மறுப்பை அமுக்குவாள். அன்றைக்கு முழுக்கப் பை கனக்காது.

பின்னே கனக்குமா? அண்ணன் தம்பி இருவருக்கு வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கை அவர்கள். தம்பிக்காரன் சிந்துஜாவை அடித்தான். ஒருநாள் அடித்ததில் நெற்றி பிளந்தது. மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டவள் வனஜாதான். மறுநாள் மகளிர் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அம்மாள், "அடிச்சதைப் பார்த்தீங்களா?" என்று கேட்டபோது அதே வனஜா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, "நான் எதையும் பாக்கல மேடம்," என்றாள். விரல் இடுக்கில் அப்போதும் மஞ்சள் இருந்தது. அன்றோடு சிந்துஜா பேச்சை அறுத்துவிட்டாள். புருஷன் பிறகு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்த் தொலைந்தான். அவன் போனது அவளுக்கு ஆறிவிட்டது. அக்கா சொன்னது ஆறவில்லை.

ஆகவே, அக்கா காலைக் கழுவிக்கொள்ளவாவது தன்னைத் தேடுகிறாள் என்பதில் ஒரு ருசி. மன்னிப்புக் கேட்க வாய் வராதவள் செயலி வழியாகக் கேட்கிறாள் என்று சிந்துஜா முடிவு கட்டிவிட்டாள். இன்னும் நாலு தரம் கேட்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைப்பாள். அந்த நாலு தரம் ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் கை போயிற்று. வலது கையில் மூன்று விரல்கள் மரத்துவிட்டன. புருவ நூல் நழுவி ஒரு கல்யாணப் பெண்ணின் இமையில் கீறியது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, சீக்கிரம் அறுவை செய்யாவிட்டால் விரல்கள் திரும்பாது, அடுத்தது இடது கை என்று டாக்டர் சொன்னார். தொழிலாளர் ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளலாம். ஆனால் அதற்குத் தொழிலாளியாக இருக்க வேண்டுமே!

"நீ தொழிலாளி இல்லையாம்," என்றார் வக்கீல் பர்வீன். கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் அவருடைய அறை. "தனியாத் தொழில் பண்ற முதலாளியாம். பொலிவு பதில் அனுப்பியிருக்கு."

"நானா? முதலாளியா?"

கூட வந்திருந்த ஜெசிந்தாவும் பொலிவுக்காரிதான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அடி முதலாளி, எனக்கொரு டீ வாங்கிக் குடுடி."

"சிரிக்காதீங்கம்மா. சட்டம் ஒரு சோதனை வச்சிருக்கு. மாசம் மூணு வேலையாவது வேண்டாம்னு சொல்லியிருக்கணும். சொன்னதுக்காக ஒரு தண்டனையும் வந்திருக்கக் கூடாது. அப்படி இருந்தா அவங்க சுதந்திரமான ஆளு, கம்பெனிக்கு அடிமை இல்ல. வேண்டாம்னு சொல்ல முடியாதவங்கதான் தொழிலாளி."

"நியாயமாத்தான மேடம் இருக்கு?"

"நியாயம்தான். போட்டவங்க நல்ல மனசோடதான் போட்டாங்க. ஆனா உன் பேர்ல இருநூத்திப் பதினாறு மறுப்பு இருக்கு. ஒண்ணைத் தவிர அத்தனையும் உறையூர்ல ஒரே வீடு. யாரு வீடு அது?"

சிந்துஜா சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லும்போது பெருமை கொஞ்சம் தலை காட்டிவிட்டது. "எங்க அக்கா மேடம். என்னை விடமாட்டேங்குறா."

பர்வீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆறு வருஷம். மாசத்துக்கு மூணு. ஒரு மாசம்கூட நாலு இல்ல. உங்க அக்கா அவ்வளவு கறாரான ஆளா?"

"இல்லையே. அவ பால்காரருக்கே ரெண்டு தரம் வாசல் திறப்பா."

"ஒரு மாசம் மட்டும் அந்த வீடு ரெண்டுதான் இருக்கு. போன ஆடி மாசம். அப்ப மூணாவது யாரு?"

சிந்துஜா யோசித்தாள். ஆடியில் அவளுக்குக் காய்ச்சல். கருமண்டபத்தில் ஒரு ஃபேஷியலை வேண்டாம் என்று சொன்னாள். அந்த மாதம் அக்கா இரண்டு தரம்தான் கூப்பிட்டாள்.

அவள் பட்டியலைத் தன் பக்கம் இழுத்து அந்த மாதத்தை மறுபடி எண்ணினாள்.

"எனக்கும் மூணுதான் மேடம்," என்றாள் ஜெசிந்தா. சிரிப்பெல்லாம் போய்விட்டது. "நாய் இருக்கிற வீடு. எனக்கு நாயின்னா உசிரே போயிடும். நாப்பது வயசுல போய் இதை யாருகிட்ட சொல்றது? வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு பேசாம மறுத்துக்கிட்டிருக்கேன்."

"நாய்க்குப் பயம்னு பொலிவுக்கு எப்படித் தெரியும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உங்கள் பாதுகாப்புக்காக: எங்கே போக உங்களுக்கு விருப்பமில்லை? இயன்றவரை தவிர்ப்போம்.' நாலாயிரம் பெண்களும் ஒளிவுமறைவாக எழுதிக் கொடுத்தார்கள். ஒருத்தி நாய் என்று எழுதினாள், ஒருத்தி சுடுகாட்டுப் பாதை என்று எழுதினாள், ஒருத்தி தன்னை ஏமாற்றியவன் வீடு என்று எழுதினாள். எல்லாமே வெட்கப்படும் காரணங்கள், அதனால் ஒருத்தியும் அடுத்தவளிடம் மூச்சு விடவில்லை. சிந்துஜா வெற்றிலைக்காரத் தெரு பதினாலாம் நம்பர் என்று எழுதியிருந்தாள். எழுதிக் கொடுத்தும் அங்கிருந்தே அழைப்பு வருகிறதே என்று முதல் மாதம் நினைத்தாள்தான். அக்கா பேர் சொல்லிக் கேட்டு அடம் பிடிக்கிறாள் போல என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

"நீங்க மறுக்கணும். அதுதான் அவங்களுக்கு வேணும்," என்றார் பர்வீன். "அதுக்குன்னு செயலிக்குப் பின்னால இருக்கிற இயந்திரமே ஆர்டரைச் செஞ்சு அனுப்புது. யாரும் கூப்பிடல."

"சும்மா சொல்லாதீங்க மேடம்," என்று சிந்துஜா வெடுக்கென்று எழுந்தாள். கேஸ் ஜெயிப்பதற்காக இந்த அம்மாள் கதை கட்டுகிறாளோ? அக்கா கூப்பிடவில்லை என்று இவளுக்கு எப்படித் தெரியும்? இவள் போய்ப் பார்த்தாளா?

ஜெசிந்தாதான் அவளை இழுத்துக்கொண்டு போனாள். ஜெசிந்தாவின் மறுப்புப் பட்டியலில் இருந்த ஒரு கே.கே. நகர் வீடு. நாய் இருந்தது, கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தது. ஜெசிந்தா தெருமுனையிலேயே நின்றுகொண்டாள். கதவைத் திறந்தவர் தலையில் ஒரு முடிகூட இல்லாத ஓய்வுபெற்ற தாசில்தார், தனியாக இருப்பவர். "மாசாமாசம் முடிக்குச் சாயம் கேட்டீங்களா சார்?" என்று சிந்துஜா கேட்டபோது, அவர் தலையைத் தடவிக்கொண்டு, "என்னம்மா, கிண்டலா?" என்றார்.

சிந்துஜா திரும்பி நடந்தாள். ஜெசிந்தாவுக்குப் பொய் என்றால் பொய்யாக இருக்கட்டும். எனக்கு மட்டும் நிஜமாக இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

வழக்குக்குச் சாட்சி ஒன்றுதான் வேண்டும். வனஜா விசாரணைக்கு வந்து, நான் கூப்பிடவில்லை என்று சொல்ல வேண்டும். சம்மன் போயிற்று.

விசாரணை அறையில் பொலிவின் சார்பில் ஆளே இல்லை. மேசைமேல் ஒரு சிறிய ஒலிபெருக்கி. அதிலிருந்து தேன் தடவிய பெண் குரல் பேசியது. வக்கீல்களுக்குக் கொடுப்பதைவிடக் குரலுக்குச் செலவு குறைவாம். வனஜா வந்தாள். ஆறு வருஷத்தில் நன்றாக நரைத்திருந்தாள். சிந்துஜா அவளைப் பார்க்காமல் அவளுடைய செருப்பையே பார்த்தாள்.

அவளுக்கு நம்பிக்கை துளியும் இல்லை. ஒரு தரம் விற்றவள் மறு தரம் விற்க மாட்டாளா? கம்பெனி முன்கூட்டியே போய்ப் பார்த்திருக்கும். புடவை கொடுத்திருக்கும், இல்லை வனஜாவின் புருஷனைப் பிடித்திருக்கும். செருப்புக்கூடப் புதுசாக இருக்கிறதே!

குரல் கேட்டது. "வணக்கம் வனஜாம்மா. சிந்துஜா உங்களுடன் பிறந்தவர்தானே?"

"ஆமாங்க."

"சின்ன வயதில் அவருக்குத் தலை பின்னிவிட்டது நீங்கள்தானே?"

"நான்தான்." வனஜாவின் குரல் கரகரத்தது.

"அவர் வீட்டை விட்டுப் போன பிறகு உங்கள் மனம் தவித்திருக்கும். உடன்பிறந்தவளைப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்திருக்கும். நேரில் போக முடியவில்லை, அதனால் எங்கள் வழியாகக் கூப்பிட்டீர்கள். பாசமுள்ள அக்கா யாரும் அதைத்தான் செய்வார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை அம்மா. கூப்பிட்டீர்கள் அல்லவா?"

அடேயப்பா, என்ன சாமர்த்தியம்! சிந்துஜாவுக்கே உடம்பு சிலிர்த்தது. பணமும் இல்லை, புடவையும் இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் முன்னால் வனஜா நல்ல அக்கா ஆகிவிடுவாள். இல்லை என்றால் ஆறு வருஷம் தங்கையைத் திரும்பியும் பார்க்காதவள் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். யார்தான் சொல்வார்கள்?

அதைவிடக் கொடுமை, ஆமாம் என்று அக்கா சொல்லிவிட வேண்டும் என்று சிந்துஜாவின் மனசின் ஒரு மூலை கெஞ்சியது. கை போனால் போகட்டும், ஒரு தரமாவது கூப்பிட்டேன் என்று சொல்லிவிடேன் அக்கா.

வனஜா புடவைத் தலைப்பைத் திருகினாள். அதே திருகல். சிந்துஜா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இல்லைங்க," என்றாள் வனஜா.

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் அம்மா. ஒரு முறைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்லைங்க. இவ நம்பர் எங்கிட்ட இருந்துச்சு. சுவத்துல எழுதி வச்சிருந்தேன். போனை எடுப்பேன், வச்சிருவேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுறது?" அவள் விசாரணை அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள். தங்கை பக்கம் திரும்பவே இல்லை. "நான் கூப்பிடல. எழுதிக்கோங்க."

ஜெசிந்தா சிந்துஜாவின் தொடையைக் கிள்ளினாள். ஜெயித்தாயிற்று என்று அர்த்தம். சிந்துஜா குனிந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஆறு வருஷமாக ஒவ்வொரு மறுப்புக்கும் அவள் மனசில் நிறுத்திவைத்திருந்த அக்கா, வாசலைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்த அந்த அக்கா, அந்த அறையிலேயே இல்லாமல் போனாள். நிமிர்ந்தபோது நிஜ வனஜாவும் படியிறங்கிப் போய்விட்டிருந்தாள்.

தீர்ப்பு வந்தது. சிந்துஜா தொழிலாளிதான். வலது கைக்கு அறுவை நடந்தது, மூன்று விரல்களும் மெல்ல உயிர் பிடித்தன. இடது கைக்குத் தை மாதம் நாள் குறித்தார்கள். ஜெசிந்தாவும் இன்னும் நானூறு பேரும் மனுப் போட்டார்கள். பொலிவு பதறவே இல்லை. 'எங்கள் முதல் ஊழியருக்கு வாழ்த்துகள்' என்று பூங்கொத்துகூட அனுப்பியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வேலைக்குத் திரும்பிய வாரம் கைப்பேசி மணியடித்தது. வனஜா, 14, வெற்றிலைக்காரத் தெரு. கால் பராமரிப்பு. காலை பதினொரு மணி. ஆறு வருஷப் பழக்கம், சிந்துஜா முழுசாகப் படிப்பதற்குள் கட்டைவிரல் மறுப்பை அமுக்கிவிட்டது. திரையில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தது. மூன்றாம் நாள் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது மறுபடி வந்தது. அந்தப் பாழாய்ப்போன விரல் மறுபடி அதையே செய்தது. இரண்டாவது புள்ளி.

மூன்றாவது அழைப்பு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்தது. இந்த முறை விரலை இழுத்து முந்தானையில் முடியாத குறையாக அடக்கிக்கொண்டாள். ஏற்கிறேன் என்று அமுக்கினாள். கைப்பேசியைப் பைக்குள் திணித்து, பையை டீக்கடை பெஞ்சில் விட்டுவிட்டு, கடைக்காரரின் போனை வாங்கித் தள்ளிப்போய்ப் பர்வீனை அழைத்தாள்.

"நல்லவேளை மறுக்கல," என்றார் பர்வீன். "ஊழியர் விதியை இப்பத்தான் படிச்சேன். முன்னாடி மறுத்தா சுதந்திரம். இப்ப மறுத்தா ஒழுங்கீனம். மாசத்துல மூணு புள்ளி விழுந்தா வேலை போச்சு. வேலை போச்சுன்னா ஆஸ்பத்திரி கார்டும் போச்சு."

"அதே பழைய லிஸ்டா மேடம்?"

"அதேதான். நீ எதை மறுப்பேன்னு அதுக்கு நல்லாத் தெரியும்ல. இன்னொண்ணு கேளு. வாசல்லயே வாடிக்கையாளர் திரையில விரல் வைக்கணும். நீங்கதான் கேட்டீங்களான்னு கேக்கும். இல்லன்னு வச்சா, கூப்பிடாத வீட்டுக்கு நீ போனதாப் புள்ளி விழும்."

"நம்ம கேஸுக்கு அப்புறம் நேர்மையாயிட்டாங்களாக்கும்!"

"உங்க அக்கா சத்தியம் பண்ணிச் சொன்னவங்க. மறுபடியும் நிஜத்தையே சொல்லுவாங்கன்னு அந்த இயந்திரம் நம்புது. அதை எதிர்த்து இன்னொரு கேஸ் போடலாம். எட்டு மாசம் ஆகும். உன் இடது கை எட்டு மாசம் தாங்குமா?"

"அவ நம்பர் எங்கிட்ட இல்ல. நேர்ல போய் முன்னாடியே சொல்லிட்டா?"

"வாயைத் திறக்காத. பைக்குள்ள இருந்தாலும் அந்த போன் கேட்டுக்கிட்டேதான் இருக்கும். சொல்லிக் குடுத்தேன்னு அதுக்கு ஒரு புள்ளி வைக்கும். போ. பேசாம நில்லு. அவங்க என்ன வைக்கிறாங்களோ வைக்கட்டும்."

உறையூர் பஸ்ஸில் சிந்துஜா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா என்ன சொல்வாள் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு தரம் பொய் சொல்லித் தங்கையை இழந்தவள், ஒரு தரம் நிஜம் சொல்லி அவமானப்பட்டவள். இனி பொய் சொல்வாளா? "நான் கூப்பிடலையே" என்பாள். பாவம், நல்லது செய்வதாக நினைத்தே சொல்வாள். எனக்காகத்தான் சொல்வாள், என் கையும் அதோடு போகும்.

பதினொரு மணிக்குப் பதினாலாம் நம்பர் கதவைத் தட்டினாள்.

வனஜா கையில் மாவோடு வந்து திறந்தாள். தங்கையைப் பார்த்தாள், தோளில் பையைப் பார்த்தாள், நீட்டிய கைப்பேசியைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த திகைப்பே சொல்லிவிட்டது, எதையும் அவள் எதிர்பார்க்கவில்லை என்று.

"நீயா?" என்றாள். "என்னடி, திடீர்னு?"

சிந்துஜா வாயைத் திறக்கவில்லை. கைப்பேசிதான் தேன் குரலில் பேசியது. "வணக்கம் வனஜாம்மா. கால் பராமரிப்புச் சேவையை நீங்கள்தான் கேட்டீர்களா?"

அந்தக் குரல் வனஜாவுக்கு ஞாபகம் இருந்தது. அவள் முகம் சட்டென்று மாறியதைச் சிந்துஜா பார்த்தாள். திரையில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். மேலே மூலையில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். வனஜா அதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிப்பவள்போல நிதானமாகப் பார்த்தாள். பிறகு தங்கையின் வலது மணிக்கட்டைப் பார்த்தாள். தையல் போட்ட தழும்பு இன்னும் சிவந்திருந்தது. இடது கை விரல்கள் மரத்து நழுவ, சிந்துஜா கைப்பேசியை வலது கையாலும் தாங்கிக்கொண்டாள்.

அவள் விரலில் ஒட்டியிருந்த மாவைப் புடவையில் துடைத்தாள். ஆம் என்பதில் அழுத்தி வைத்தாள்.

"நான்தான் கேட்டேன்," என்றாள் குரலைப் பார்த்து. "எத்தனை நாளாக் கேக்குறேன். இன்னைக்குத்தான் வந்திருக்கா."

"நன்றி அம்மா," என்றது குரல். புள்ளி விழவில்லை.

சிந்துஜா உள்ளே வந்தாள். கால் பராமரிப்புக்கு அகலப் பாத்திரத்தில் வெந்நீர் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது பொலிவின் முதல் நிபந்தனை. கூப்பிட்டவர்களுக்கு அதை மூன்று தரம் ஞாபகப்படுத்தும். கூடத்தில் பாத்திரமும் இல்லை, வெந்நீரும் இல்லை. அரைத்துக்கொண்டிருந்த மாவு பாதியில் நின்றது. சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் கரிக்கட்டியால் எழுதிய பத்து எண்கள் மங்கிப்போய் இருந்தன.

சிந்துஜாவின் கண் கூடத்தைச் சுற்றுவதை வனஜா பார்த்துவிட்டாள். எங்கே தப்பு செய்தோம் என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றாள்.

சிந்துஜா பையை இறக்கி வைத்தாள். கைப்பேசிக்கும் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே கேட்டாள்.

"என்னக்கா, வெந்நி போட மறந்துட்டியாக்கும்?"

வனஜாவின் கண் கைப்பேசிக்குப் போய்த் தங்கையிடம் திரும்பியது.

"ஆமாடி," என்றாள். "மறந்தே போச்சு. உக்காரு, போட்டு எடுத்துட்டு வரேன்."